எத்தனை புயல், எவ்வளவு தண்ணீர்

2025 நவம்பர் கடைசி வாரம். சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில், இரண்டு தே கிளாசுகளுக்கு நடுவே இரண்டு கைப்பேசிகள். ஒன்றில் இலங்கை மேல் சுழலும் டிட்வா புயல். இன்னொன்றில் சுமத்ராவை ஒட்டி, மலாக்கா நீரிணையில் சுருண்டு கிடக்கும் சென்யார். முதல் கைப்பேசிக்காரருக்கு ஊர் பேராவூரணி; இங்கே கப்பல் பட்டறையில் பல வருஷமாக வேலை. மற்றவர் இங்கேயே பிறந்து, துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர். புளோக்கில் எல்லாருக்கும் அவர் மாமா.

“வருஷா வருஷம் கூடிக்கிட்டேதான் போவுது மாமா. சின்னப் புள்ளையில நாங்க பாத்த புயலெல்லாம் ஒரு கையில எண்ணிடலாம்.”

“அட போப்பா. தனுஷ்கோடி கடலோட போனது அறுபத்து நாலுல. ரயிலையே அடிச்சுக்கிட்டுப் போச்சு. அப்ப உங்க அப்பாவுக்கே கல்யாணம் ஆயிருக்காது.”

நடுவில் நான் ஏதோ சமாதானம் சொல்லப்போக, இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். “சரி, நீதான் படிச்சவனாச்சே, சொல்லு. கூடுதா, இல்லியா?” அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இதே சண்டையை உலகத்தின் பெரிய வானிலை அறிஞர்கள் இருபது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சில சமயம் எங்கள் காப்பிக்கடையைவிட மோசமாக.

மாமாவின் கைப்பேசி

மலாக்கா நீரிணையில் புயல் என்பதையே மாமாவால் நம்ப முடியவில்லை. இந்தப் பக்கம் புயல் வராது என்பது சிங்கப்பூரில் வளர்ந்த எவருக்கும் தண்ணீர்பட்ட பாடு. காரணமும் உண்டு. கடல் எவ்வளவுதான் கொதித்தாலும், காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிச் சுழலவிட பூமியின் சுழற்சி வேண்டும். கொரியோலிஸ் விசை என்கிறார்களே, அது. துருவத்தில் அதிகம், நிலநடுக்கோட்டில் பூஜ்யம். அதனால் நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் பிறப்பது அரிது. சிங்கப்பூர் இருப்பது 1.3 பாகையில்.

ஆனால் 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமே என்ற புயல் சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. பிறந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை. எப்படி? அந்த வாரம் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடல் வழியே விடாமல் பாய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக போர்னியோ கரையோரம் தங்கும் ஒரு காற்றுச்சுழல் அப்போது கடலுக்குள் நகர்ந்து வந்தது. அங்கே கடல் குறுகல். பாய்ந்துவந்த காற்று அந்தச் சுழலைச் சுற்றி வளைத்துக்கொள்ள, பூமி தராத சுழற்சியைப் பருவக்காற்றே தந்துவிட்டது. பம்பரம் சுழன்றால் சரி, சாட்டை யாருடையது என்று கடல் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட புயல் 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள்.

அந்தப் புயலுக்குள் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் மாட்டிக்கொண்டன. அவை பதிவுசெய்த காற்றை வைத்து அமெரிக்கர்கள் அதைத் ‘தைஃபூன்’ என்றார்கள். அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான ஜப்பானிய வானிலை அலுவலகமோ அதற்குக் கீழேயே தரம் கொடுத்தது. ஒரே புயல், இரண்டு அலுவலகம், இரண்டு தரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புயல் பலமாகிறதா என்ற சண்டையின் பாதி இதற்குள்தான் கிடக்கிறது.

(ஹரிக்கேன், தைஃபூன், சைக்ளோன் மூன்றும் ஒன்றே. அட்லாண்டிக்கில் ஒரு பெயர், மேற்குப் பசிபிக்கில் ஒரு பெயர், நம் கடலில் ஒரு பெயர். அளப்பதில்தான் வித்தியாசம். அமெரிக்கர்கள் ஒரு நிமிடக் காற்றின் சராசரியைச் சொல்வார்கள், இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிமிடம், ஜப்பானியர்கள் பத்து நிமிடம். நேரம் கூடக்கூட சராசரி இறங்கும். அதனால் இரண்டு தொலைக்காட்சி இரண்டு வேகம் சொன்னால் யாரும் பொய் சொல்வதாக அர்த்தமில்லை.)

ஏப்ரலில் வரும் எண்

ஷென்டன் வே பக்கம் மறுகாப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருகிற தொழில் அது. ஆசியாவில் அதற்கு சிங்கப்பூர் ஒரு பெரிய சந்தை. ஏப்ரல் தொடக்கத்தில் அவளுடைய அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் சுற்றும்: இந்த வருஷம் அட்லாண்டிக்கில் எத்தனை ஹரிக்கேன். அனுப்புவது கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம். கடலே இல்லாத மலைநாட்டில் உட்கார்ந்துகொண்டு 1984இல் இதைத் தொடங்கியவர் வில்லியம் கிரே.

கிரே பிடித்த நூல் எளிமையானது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் அட்லாண்டிக்கின் மேலடுக்கில் காற்று பலமாக வீசும். கீழே ஒரு வேகம், மேலே ஒரு வேகம் என்றாகிவிட்டால் எழும்புகிற புயலின் தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாக இழுபட்டுப் போகும். அந்தக் கடல் குளிரும் லா நினா வந்தால் அந்தத் தொல்லை குறையும், புயல் நிமிர்ந்து நிற்கும். இதனுடன் கடலின் சூட்டையும் இன்னும் சில அறிகுறிகளையும் சேர்த்து ஒரு எண் சொல்வார். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையிலான பருவத்துக்கு ஏப்ரலிலேயே ஜாதகம்.

ஜாதகம் பலித்ததா? 2013இல் 18 புயல் பெயர் பெறும், அதில் 9 இன்னும் பலத்து ஹரிக்கேன் ஆகும் என்றார்கள். ஹரிக்கேன் ஆனவை 2. ஒன்றுகூடப் பெரிய தரத்தை, அதாவது காற்று வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகையில் மூன்றாவதை, எட்டவில்லை. 2024 மே மாதம் அமெரிக்க அரசின் நோவா அமைப்பு 17 முதல் 25 புயல் என்றது. மே மாதத்தில் அது சொன்ன எண்களிலேயே அதுதான் பெரியது. ஜூலை தொடக்கத்திலேயே பெரில் ஐந்தாம் வகையை எட்டியது. அவ்வளவு சீக்கிரம் வேறெந்தப் புயலும் அங்கே அந்த வகையைத் தொட்டதில்லை. பிறகு ஆகஸ்ட் பிற்பாதியில், பருவம் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில், கடல் அடங்கிவிட்டது. மூன்று வாரம் புதுப் பெயரே இல்லை. முன்னறிவிப்பு புஸ்வாணம் என்று கேலி கிளம்பியது. செப்டம்பர் கடைசியில் ஹெலீன், அக்டோபரில் மில்டன். முடிவில் 18 புயல், 11 ஹரிக்கேன். எண் வரம்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று வார மௌனத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

ஏப்ரல் கணிப்பின் பலவீனம் தெரிந்ததுதான். வசந்த காலத்தில் எல் நினோ எந்தப் பக்கம் சாயும் என்பது கணினிகளுக்கே பிடிபடாது. ஆகஸ்டில் திருத்திச் சொல்லும் கணிப்பு பெருமளவு தேறும். அதற்குள் பருவம் பாதி ஓடிவிட்டிருக்கும். இந்த எண்ணுக்கு எதிராக எனக்குள்ள வழக்கு வேறு. 1992இல் அட்லாண்டிக்கில் பெயர் பெற்றவை வெறும் 6. மந்தமான வருஷம். அந்த ஆறில் முதலாவது ஆண்ட்ரூ, ஃபுளோரிடாவின் தென்பகுதியைத் தரைமட்டமாக்கியது. 2025இலோ 13 புயல், 5 ஹரிக்கேன்; நோவா ஆகஸ்டில் திருத்திச் சொன்ன கணிப்பின் கீழ்வரம்பைத்தான் தொட்டது. அமெரிக்கப் பெருநிலத்தில் ஒரு ஹரிக்கேன்கூடக் கரையேறவில்லை. ஆனால் அந்த ஐந்தில் மூன்று ஐந்தாம் வகை. மெலிசா அக்டோபர் 28ஆம் தேதி மணிக்கு 295 கிலோமீட்டர் வேகத்தில் ஜமைக்காவில் இறங்கியது. ஜமைக்காக்காரரிடம் போய், சராசரியான வருஷம்தான் ஐயா என்று சொல்லிப் பாருங்கள்.

தோழியிடம் கேட்டேன்: “அப்ப அந்த ஏப்ரல் எண்ணை வச்சுத்தான் பிரீமியம் போடுவீங்களா?” சிரித்தாள். “அத வச்சு யாரும் விலை போடறதில்ல. ஆனா எல்லாரும் படிப்போம்.” விலைக்கு வேறு கணினி மாதிரிகள் உண்டு, ஆயிரக்கணக்கான கற்பனை வருஷங்களை ஓடவிட்டு, அதில் எத்தனை வருஷம் மயாமி மூழ்குகிறது என்று பார்ப்பவை. நூறு கரைகளில் பணத்தைப் பரப்பி வைத்திருப்பவனுக்கு எண்ணிக்கை உதவும். ஒரு கரையில் ஒரு கூரை வைத்திருப்பவனுக்கு அது எதற்கு?

வங்கக் கடலில் இந்த விளையாட்டு இன்னும் கஷ்டம். உலகம் முழுக்க ஆண்டுக்கு 80க்கு மேல் புயல்கள் உருவாகின்றன. அதில் வங்கக் கடலின் பங்கு சராசரியாக 4, அரபிக் கடலுக்கு 1. நாலு ஐந்தானால் கால் பங்கு உயர்வு என்று செய்தி போடலாம். ஆனால் அது காசைச் சுண்டி ஒரு தலை கூடுதலாக விழுந்த கதை.

அண்ணன் எண்ணிய விரல்கள்

பேராவூரணி அண்ணன் சொன்ன ‘ஒரு கையில எண்ணிடலாம்’ என்பதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 2004 வரை நம் கடலில் புயல்களுக்குப் பெயரே கிடையாது. 1964இல் வந்தது ராமேஸ்வரம் புயல், 1977இல் வந்தது நாகப்பட்டினம் புயல், அவ்வளவுதான். ஊரை அழித்தால் ஊர்ப்பெயர் கிடைக்கும். அழிக்காமல் போனவை எந்த ஞாபகத்திலும் தங்கவில்லை. இப்போது நடுக்கடலில் கலைந்துபோகிற புயலுக்கும் பெயர், படம், நேரலை எல்லாம் உண்டு. பேர் வைத்த பிள்ளையைத்தானே ஊர் கூப்பிடும்.

உலக அளவில் புயல்களின் எண்ணிக்கை கூடவில்லை. செயற்கைக்கோள் காலம் முழுவதும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் நிற்கிறது. இந்தக் கேள்வியில் மாமா ஜெயித்தார். இதில் பெரிய தகராறு எதுவும் இல்லை, அதனால் கடந்து போகிறேன்.

வருகிறவை பலமாகின்றனவா என்பதில்தான் கைகலப்பு. 2005 ஆகஸ்ட் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ரி இமானுவேல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முப்பது வருஷத்தில் புயல்களின் மொத்த அழிவுத்திறன் பெரிதும் கூடியிருக்கிறது, கடல் சூடாவதுடன் அது ஒத்துப்போகிறது என்றார். அந்த மாதக் கடைசியில் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. செப்டம்பரில் பீட்டர் வெப்ஸ்டர் குழுவின் கட்டுரை: நான்காம், ஐந்தாம் வகைப் புயல்கள் 1970களில் இருந்ததைவிட ஏறத்தாழ இரட்டிப்பு. அதுவரை சில நூறு பேர் மட்டும் படித்துவந்த துறை ஒரே மாதத்தில் தலைப்புச் செய்தியாகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களில் முக்கியமானவர் பருவக் கணிப்பைத் தொடங்கிய அதே கிரே. எல்லாம் கடலின் இயற்கையான ஏற்ற இறக்கம் என்றார். 2016இல் இறக்கும்வரை அந்தப் பேச்சை மாற்றவில்லை. அவரிடம் படித்த கிறிஸ் லாண்ட்ஸி, இந்த விஷயத்தில் அறிவியலுக்கு அரசியல் சாயம் பூசுகிறார்கள் என்று சொல்லி 2005 ஜனவரியிலேயே ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைப் பணியிலிருந்து விலகியிருந்தார்.

லாண்ட்ஸியின் வாதத்தை ஒதுக்கித்தள்ள முடியாது. பழைய புயல்களின் பலத்தை யார் அளந்தார்கள்? அட்லாண்டிக்கில் 1940களிலிருந்து விமானங்கள் புயலுக்குள்ளேயே பறந்து பார்க்கின்றன. நம் வங்கக் கடலில் அப்படிப் பறக்கும் வழக்கம் இல்லை. 1970களில் வெர்னன் டிவோராக் என்பவர் வகுத்த முறைதான் இங்கே கைகொடுத்தது. செயற்கைக்கோள் படத்தில் மேகம் எவ்வளவு இறுகச் சுருண்டிருக்கிறது, கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்து வேகத்தை மதிப்பிடுவது. நாடிபிடித்துப் பார்ப்பது போல. வைத்தியர் தேறத்தேற நோயாளிக்கு நோய் கூடியதாகத் தோன்றாதா? படம் துல்லியமாகாத காலத்தில், நாலு என்று எழுதியிருக்க வேண்டியதை மூன்று என்று எழுதிவிட்டிருக்கலாமே? இதுதான் கேள்வி.

இதற்கு ஜேம்ஸ் காசின் குழு கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. புதிய படங்களை வேண்டுமென்றே மங்கலாக்கினார்கள். 1979இன் கண்ணாடியை 2017க்கும் மாட்டிவிட்டு, எல்லாப் படத்தையும் ஒரே கணினி நிரலிடம் கொடுத்து வேகம் கேட்டார்கள். மனித வைத்தியர் கிடையாது, கண்ணாடி மாற்றமும் கிடையாது. அப்படிப் பார்த்தும், ஒரு புயல் பெரிய தரத்தை, அதாவது மூன்றாம் வகையையோ அதற்கு மேலோ, எட்டியிருக்கும் வாய்ப்பு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு கூடியிருந்தது. 2020இல் அது வெளிவந்தது. 2021 ஐ.பி.சி.சி. அறிக்கை, கடந்த நாற்பது ஆண்டில் உலக அளவில் பெரிய புயல்களின் விகிதம் கூடியிருக்கக்கூடும் என்றது. அவர்களின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிச்சயம் என்று பொருள். மொத்த எண்ணிக்கையின் நீண்டகாலப் போக்கைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அட்லாண்டிக் கணக்கில் மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. 1970, 80களில் அமெரிக்க, ஐரோப்பிய ஆலைப்புகை கடல்மேல் வெயிலை மறைத்துக் குளிர்வித்து வைத்திருந்தது, காற்றைச் சுத்தம் செய்ததும் கடல் சூடாகிப் புயல் பலத்தது என்கிறார்கள். ஆக அங்கே தெரியும் ஏற்றம் முழுவதையும் கரியமில வாயுவின் கணக்கில் எழுத முடியாது.

இயற்பியலில் இவ்வளவு இழுபறி இல்லை. புயல் ஒரு வெப்ப எஞ்சின். கடல் 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் பற்றிக்கொள்ளும். கடல் சூடு கூடினால் எட்டக்கூடிய உச்ச வேகமும் கூடும். உலகம் 2 பாகை சூடானால் காற்று வேகம் சராசரியாக 5 விழுக்காடு கூடும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 5 என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். காற்றின் திறன் வேகத்தின் முப்படியில் ஏறுவது. 5 விழுக்காடு வேகம் ஏறினால் திறன் 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறும்.

நம் கடலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பொதுவாகப் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து, புயல் தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். வடக்கு வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், கனமான உப்புநீரின்மேல் மூடிபோல மிதக்கிறது. கலக்கினாலும் குளிர்ச்சி எளிதில் மேலே வராது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

காத்துப் புயலும் தண்ணிப் புயலும்

இவ்வளவையும் சுருக்கி அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரு கேள்விதான். “நீங்க சொல்றது காத்துக் கணக்கு. தண்ணிக் கணக்கு என்னாச்சு?”

அவர் ஊரில் புயலை இரண்டாகப் பிரிப்பார்களாம். கஜா காத்துப் புயல். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து உள்ளே வந்தது. காலையில் அவருடைய சித்தப்பா வீடியோ காலில் தோப்பைக் காட்டியிருக்கிறார். வேரோடு சாய்ந்த தென்னைகளைவிட நின்ற தென்னைகள்தான் வயிற்றைக் கலக்கினவாம். மரம் நிற்கிறது, தலையை மட்டும் யாரோ திருகி எடுத்ததுபோல் குருத்து முறிந்து ஒரே பக்கம் தொங்குகிறது. சாய்ந்ததற்காவது நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தார்களாம். நிற்கிற செத்த மரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வந்தவருக்கே தெரியவில்லையாம். மறுபடி கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷம்.

நிஷா தண்ணிப் புயல். 2008 நவம்பரில் காரைக்கால் பக்கம் கரை கடந்தது. காற்று பெரிதில்லை. ஆனால் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் மழை.

இந்தப் பிரிவினை அமெரிக்கர்களின் ஐந்து வகைப் பட்டியலில் இல்லை. அது காற்றை மட்டும் அளக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஏணியும் அப்படியே: தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல், அதிதீவிரப் புயல் என்று மேலே போவது காற்றுவேகத்தை வைத்துத்தான். இந்த ஏணியில் டிட்வா நின்ற படி ‘புயல்’. மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வேகம், பெயர் வைக்கும் தகுதிக்கான முதல் படி. சென்யாரும் அதே படி. டிட்வா இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பெரும்பாலும் மலைநாட்டு மண்சரிவிலும் வெள்ளத்திலும். சென்யார் வந்த வாரம் சுமத்ராவில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தப் புயல் நீரிணையைத் தாண்டி மலேசியாவின் மேற்குக் கரையையும் தொட்டுவிட்டுத்தான் அடங்கியது. 2024இல் ஃபெஞ்சல் இதே முதல் படிதான். புயலாகுமா ஆகாதா என்று கடைசிவரை இழுத்தடித்து, நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறி, பிறகு நகர மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.யைத் தாண்டிய மழை. கடலே தெரியாத ஊத்தங்கரை வரை வெள்ளம். 2023இல் மிக்ஜாம் தமிழ்நாட்டில் கரையேறவேயில்லை. ஆந்திராவுக்குப் போகிற வழியில் மெல்ல நடந்தே சென்னையை மூழ்கடித்தது. அமெரிக்காவில் ஹெலீன் கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள வட கரோலைனா மலைகளில் ஆற்றைப் பெருக்கி ஆட்களைக் கொண்டுபோனது.

தண்ணீர்க் கணக்கில் அறிவியல் காற்றைவிடத் தெளிவாகப் பேசுகிறது. காற்று ஒரு பாகை சூடானால் 7 விழுக்காடு அதிக ஈரத்தைச் சுமக்க முடியும். 2 பாகைக்குப் புயல்மழை 14 விழுக்காடு கூடும் என்பது கணிப்பு. கடல் மட்டம் உயர்ந்தால் புயல் தள்ளிக்கொண்டு வரும் அலை அதன்மேல் ஏறி வரும். அதற்கு எந்தக் கணினி மாதிரியும் தேவையில்லை, முக்காலி போட்டு நிற்பவன் உயரமாகத் தெரிவான் என்கிற கணக்குத்தான். புயல்களின் நடையே மெதுவாகிவிட்டதா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. 1949க்குப் பிறகு 10 விழுக்காடு மெதுவாகியிருக்கிறது என்று காசின் 2018இல் எழுத, செயற்கைக்கோளுக்கு முந்தைய கணக்கை நம்பி அப்படிச் சொல்லலாமா என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நியாயமான கேள்விதான்.

இதற்கு நேரெதிராக ஒரு கணக்கும் உண்டு. மாமா அதைப் பிடித்துக்கொண்டார். 1970 நவம்பரில் இன்றைய பங்களாதேஷ் கரையில் இறங்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். 2020இல் நடுக்கடலில் சூப்பர் புயலாக இருந்த ஆம்பன் கிட்டத்தட்ட அதே பக்கம் வந்தது. இரு நாட்டிலும் சேர்த்து நூற்றுச் சொச்சம். இடையில் செயற்கைக்கோள் வந்தது, தூண்மேல் நிற்கும் புயல் காப்பகங்கள் வந்தன, சைக்கிளில் மெகாபோனுடன் போகும் தொண்டர்கள் வந்தார்கள். புயலைத் தடுக்க முடியாவிட்டாலும் சாவைக் குறைக்க முடிந்திருக்கிறது. பண நஷ்டம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கும் பாதிக் காரணம் கடற்கரையில் நாம் கட்டிவைத்திருப்பது; சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பது வருஷத்துக்கு முன்பு சவுக்குத் தோப்பு, இப்போது நீச்சல்குளம் வைத்த வீடு.

ஆனால் சாவைக் குறைக்க முன்கூட்டித் தெரிய வேண்டும். எனக்குப் பயமூட்டுவது அங்கேதான். 2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்கு அருகே வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கிப் புயலாகிவிட்டது. ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. இப்படி ஒரே இரவில் பெருத்துவிடும் புயல்கள் கூடிவருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பாதையைக் கணிப்பதில் கணினிகள் எவ்வளவோ தேறிவிட்டன, திடீர்ப் பெருக்கத்தில் இன்னும் தடுமாறுகின்றன. ஏப்ரலில் சொல்லும் எண்ணைவிட, கரைக்கு 36 மணி நேரம் இருக்கையில் சொல்லும் வேகத்துக்குத்தான் என் ஓட்டு. வங்கக் கடலில் கடலை அளக்கும் மிதவை ஒன்றைக் கூடுதலாகப் போடும் காசுக்கு அதில்தான் பலன்.

இதெல்லாம் நமக்கெதற்கு, புயல் வராத ஊரில் இருக்கிறோமே என்று கேட்பவர்களுக்கு: சிங்கப்பூரின் காற்று சாதனை 1984 ஏப்ரல் 25ஆம் தேதி தெங்காவில் பதிவான மணிக்கு 144.4 கி.மீ. அது எந்தப் புயலும் இல்லை. விடியற்காலையில் மேற்கிலிருந்து சுருட்டிக்கொண்டு வரும் சுமத்ராக் காற்று வகை. சில நிமிடம் அடித்துவிட்டுப் போய்விடும். 2025 ஜனவரியில் பருவக்காற்று திரண்டு வந்து நாள்கணக்கில் வானம் திறக்காமல் கொட்டியதே, அதற்கும் பெயர் கிடையாது. இங்கேயும் கவலை தண்ணீர்தான். இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் நம்மைச் சுற்றிய கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று சிங்கப்பூர் வானிலை ஆய்வு நிலையத்தின் பருவநிலை மையம் 2024இல் சொன்னது. ஈஸ்ட் கோஸ்டுக்கு வெளியே நீளமாக ஒரு தீவு எழுப்பலாமா என்று பார்ப்பது அதனால்தான்.

டிசம்பர் நடுவில் மறுபடி அதே மேசை. மாமாவுக்குக் காட்ட நான் ஒரு பட்டியல் கொண்டுபோயிருந்தேன். நம் கடலுக்கு 13 நாடுகள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட 169 பெயர்கள். டிட்வாவுடன் இரண்டாவது வரிசை முடிந்தது. அடுத்த வரிசையில் முதல் பெயர் பங்களாதேஷ் தந்த அர்னாப், இரண்டாவது இந்தியா தந்தது.

“முரசா?” மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடித்து வைத்திருந்த தமிழ் முரசைத் தூக்கிக் காட்டினார். “நம்ம பேப்பரு பேருல்ல இது? இது வந்தா தலைப்புல எப்படிய்யா போடுவாங்க? முரசு வருகிறதுன்னா?”

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தது அண்ணன் காதில் விழவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் கைப்பேசியை அழுத்திக்கொண்டு ஊரில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். “வயல்ல தண்ணி வடிஞ்சிருச்சான்னு கேக்கறேன்… வாய்க்கால்ல கெடந்த வெங்காயத்தாமரைய எடுத்தாங்களா, இல்லியா?”